மேட்டைத் தேடி

செகந்திராபாத்

காட்பாடியில் ரெயிலேறிப் படுத்தவன் மறுநாள் கண் விழித்துப் பார்க்கையில், நம் பக்கத்து வாழைத் தோட்டங்களும் வேர்க்கடலைக் கொல்லைகளும் எங்கோ பின்தங்கிப் போயிருக்க, கல்யாண வீட்டின் புழக்கடையில் கழுவிக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அண்டாக்களைப் போன்ற பெரும் பாறைகள் இருமருங்கிலும் வந்து நின்றன. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லும் இந்தக் கருங்கற் பாறைகளில் சில, அடியில் ஒரு முழ அகலம்கூடப் பிடிமானம் இன்றி, இதோ உருண்டுவிடப் போகிறேன் என்று பயமுறுத்தும் பாவனையில் நிற்கின்றன. ஆனால் அவற்றை யாரும் தூக்கி அங்கே வைக்கவில்லை. சுற்றியிருந்த மண்ணும் இளகிய கல்லும் மழையில் கரைந்தோடிப் போனபின், இருந்த இடத்திலேயே மிஞ்சிப் போனவை அவை. ஒரு கனமான பொருளை எப்படித் தூக்குவது என்ற கவலையுடனேயே நான் அந்தப் பிரயாணத்தை மேற்கொண்டிருந்தபடியால், ஜன்னலோரத்தில் அந்தக் கற்களை மற்றவர்களைவிடச் சற்று அதிக சிரத்தையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் கவலைக்குக் காரணம் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள். 1966ஆம் வருஷம் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரெயில்வே உண்டானதை ஒட்டி அங்கே உத்தியோகத்துக்குப் போன என் தாய்மாமன், பிறகு ஊர்ப் பக்கம் விருந்தாளியாக மட்டுமே வந்துகொண்டிருந்து, மூன்று வருஷங்களுக்கு முன் அங்கேயே காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்துக்களில் அத்தையால் விற்கவும் மனம் வராமல், வைத்துக்கொள்ளவும் வழி தெரியாமல் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். "நீ வந்து எடுத்துக்கிட்டுப் போ கண்ணு, இரும்பு வியாபாரி தினம் வந்து எட்டிப் பார்க்கிறான்" என்று அவர் தொலைபேசியில் சொன்ன குரலில் இருந்த அவசரத்தை என்னால் தட்ட முடியவில்லை.

1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் தோன்றிய செகந்திராபாத், வெள்ளைக்காரர்களின் ராணுவப் பாளையமாக வளர்ந்த ஊர். பாளையத்தோடு சென்னை ராஜதானியிலிருந்து முதலியார்களும் பிள்ளைமார்களும் குமாஸ்தாக்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பிறகு ரெயில்வே வேறு நம்மவர்களைக் கொண்டுவந்து குவித்தது. ஆகவே ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் நான் பேரம் பேச ஆரம்பித்ததும், அவர் சிரித்துக்கொண்டே, "தமிழ்லயே சொல்லுங்க சார், எந்த குவார்ட்டர்ஸ்?" என்று கேட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை; என் தெலுங்கு வீணாகிப் போயிற்றே என்ற வருத்தம் மட்டும் சிறிது இருந்தது.

லாலாகுடா

நிஜாம் காலத்துப் பட்டறையைச் சுற்றிப் படர்ந்திருக்கும் லாலாகுடாவில், ரெயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கட்டிக்கொண்ட சிறு வீடுகள் நிறைந்த ஒரு சந்தில் அத்தை இருக்கிறார். ஐம்பது வருஷத்து வாசம் அவருடைய ஆற்காட்டுத் தமிழை அழித்துவிடவில்லை என்றாலும், அதன் மேல் தெலுங்கும் தக்கனி உருதுவும் ஒரு பூச்சாகப் படிந்திருக்கின்றன. ஹைதராபாத்காரர்களுக்கு 'பர்ஸோன்' என்றால் முந்தாநாள் மட்டும் அல்ல. போன மாதமும், போன வருஷமும், பத்து வருஷத்துக்கு முந்தியதும் அவர்களுக்கு முந்தாநாள்தான். அந்த வழக்கம் அத்தையையும் பிடித்துக்கொண்டிருந்தது. "உங்க மாமா பர்ஸோன்தான் இதுக்கு ஆயில் மாத்தினார்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை.

கொட்டகையில் சாக்குப் படுதாவை விலக்கியதும் வண்டி தெரிந்தது. 1974இல் சென்னைத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 350 சி.சி. புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்து, முதலில் உதிரிப் பாகங்களை வரவழைத்துப் பூட்டியும், பிறகு முழுவதையும் இங்கேயே வார்த்தும் செய்த வம்சத்தைச் சேர்ந்தது. வெறும் வண்டியே 160 கிலோவுக்குக் குறையாது; மாமா அதன்மேல் முன்புறக் கம்பியும், புடவைக் காப்பும், பட்டறையில் தாமே வளைத்துச் செய்த இரும்புப் பெட்டிகளும் பூட்டியிருந்ததால், அது எவ்வளவு கனம் என்பதை அவர் ஒருவரே அறிவார். இன்று அதே கம்பெனி செய்யும் சூப்பர் மீட்டியார் 241 கிலோ என்று சொல்லுகிறார்கள். ஆனால் காகிதத்தில் இருக்கும் கனம் வேறு, கையில் சாயும்போது தெரியும் கனம் வேறு என்பதை அன்று மத்தியானமே நான் தெரிந்துகொண்டேன்.

ராணிப்பேட்டையிலிருந்து காலணிப் பெட்டிகளை ஏற்றிவந்து, திரும்பும்போது ரிட்டர்ன் லோடுக்காகக் காத்திருந்த ஒரு பிக்கப் வண்டியை ஊர் நண்பர் ஒருவர் எனக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். நம் பக்கத்தில் குட்டி யானை என்றும், வடக்கே சோட்டா ஹாத்தி என்றும் ஒரே கருத்தில் பெயர் பெற்ற டாட்டா ஏஸைவிட இது ஒரு சுற்றுப் பெரியது. (இந்த ஊரில் நடுத்தர லாரி எதுவானாலும் 'டீசீஎம்' என்கிறார்கள். அந்தக் கம்பெனி லாரி செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. பெயர் மட்டும் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது.) ஓட்டிவந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் ஆறடிச் சாரப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டரை அடி உயரத்தில் இருந்த பிக்கப்பின் பின்கதவில் சாய்த்துவிட்டு, "ஒரே தம்ல ஏத்திடலாம் சார், நான் ஓட்டறேன், நீங்க பின்னால ஒரு தள்ளு தள்ளுங்க" என்றான்.

அவன் சொன்னதில் தைரியம் இருந்தது. மற்றது எதுவும் இல்லை. பாதிப் பலகை வரை வண்டி உறுமிக்கொண்டு ஏறிற்று. அங்கே பலகை வில்லாக வளைய, எஞ்சின் திணறி நின்றுவிட, அவன் முன் பிரேக்கைப் பிடித்தான். மேல்நோக்கி நிற்கும் வண்டியின் பாரமெல்லாம் பின்சக்கரத்தில் இறங்கிவிடும் ஆதலால் முன் பிரேக்கு பிடித்தும் பிடிக்காதது போலாயிற்று. உடனே வலது காலால் பின் பிரேக்கைத் தேடி மிதித்தான். பழைய புல்லட்டில் வலப்புறம் இருப்பது கியர்; பிரேக்கு இடப்புறம். இடது காலைத்தான் ஊன்றலாம் என்றால், பலகையின் பக்கத்தில் கால் வைக்கப் பூமியே இல்லை; அது இரண்டடி கீழே இருந்தது. கியர் நழுவி, வண்டி பின்னுக்கு உருண்டு, வலப்பக்கம் சாய்ந்து, நானும் சந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த மூன்று பையன்களும் ஓடிப்போய்த் தாங்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நினைக்க நேரமில்லை. இரவில் படுத்தபின் நிறைய நினைத்தேன். முன்புறக் கம்பி சுவரில் மோதி வளைந்தது, பையனின் முழங்கால் சிராய்ந்தது, அவ்வளவோடு போயிற்று.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்கு ஆளனுப்பி ஒருவரை வரவழைத்தார். கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் ஹமாலியாக மூட்டை இறக்கியவர்; வெள்ளைத் தாடி, மெலிந்த தேகம், தோள்கள் மட்டும் அந்தத் தேகத்துக்குச் சொந்தமில்லாதவை போல் அகன்றிருந்தன. சந்தில் எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தார்கள். அவர் புல்லட்டை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. சந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். செருப்புக் காலால் இங்கும் அங்கும் தரையைத் தட்டினார். பிறகு, ரெயில்வேத் தமிழர்களோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழும் தம் தக்கனியும் கலந்து, "காடியைப் பார்க்கக் கூடாது மியான், ஜமீனைப் பார்க்கணும். இங்கே ஜமீன் சரியில்லை. நாளைக் காலையில் வாரேன். இரண்டு பலகை, நல்ல ரஸ்ஸி, பழைய துணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ராணிகஞ்ச், ஏரிக்கரை

கயிறு வாங்குவதற்கு ராணிகஞ்சைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. திருகாணி முதல் சங்கிலி வரை, மோட்டார் உதிரிப் பாகங்களும் இரும்புச் சாமான்களும் தெருத் தெருவாகக் குவிந்து கிடக்கும் அந்தக் கடைவீதியில் நடந்தால், உலகத்து வண்டிகளெல்லாம் பிரிந்துபோய் மறுபடி ஒன்றுசேரக் காத்திருப்பதாகத் தோன்றும். கடைக்காரர் நைலான் கயிற்றையும் பல்சக்கரம் பூட்டிய ராட்செட் பெல்ட்டையும் எடுத்துப் போட்டு, பெல்ட்டு இழுக்க இழுக்க இறுகும், ஆனால் இறுக்குகிற கைக்கு நிதானம் வேண்டும் என்று தெலுங்கில் உபதேசித்தார். இரண்டிலும் நான்கு நான்கு வாங்கிக்கொண்டேன். பயந்தவன் செய்யும் வியாபாரம் அப்படித்தான் இருக்கும்.

ராணிகஞ்சைத் தாண்டினால் ஹுசேன் சாகர் ஏரிக்கரை. 16ஆம் நூற்றாண்டில் குதுப்ஷாஹிகள் வெட்டிய அந்த ஏரியின் நடுவில், ஜிப்ரால்ட்டர் பாறை என்று பெயரிட்ட கற்குன்றின்மேல், ஒரே கல்லில் செதுக்கிய புத்தர் நிற்கிறார். மாலை வெயிலில் வெண்கல் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. சாதாரணமாக இதை ஒரு காட்சிப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். மத்தியானத்து அனுபவத்துக்குப் பிறகு, அதைப் பிரமாண்டமான ஒரு சரக்காகவே பார்க்கும்படி ஆயிற்று.

அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையைக் கண்டு வந்த முதல் மந்திரி என்.டி. ராமராவ், தம் தலைநகருக்கும் அத்தகைய ஒன்று வேண்டும் என்று விரும்பி, 1985இல் இந்தக் காரியத்தைத் தொடங்கினார். போங்கீருக்கு அருகில் ராய்கீர் என்ற இடத்துக் கல்லை, கணபதி ஸ்தபதியும் அவரது சிற்பிகளும் வருஷக்கணக்கில் செதுக்கி, 300 டன்னுக்கு மேற்பட்ட அந்தத் திருவுருவத்தை உண்டாக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட சக்கரங்கள் கொண்ட வாகனத்தில் படுக்கவைத்து, 50 கிலோமீட்டருக்கு மேல் மேடும் பள்ளமுமான சாலையில் ஒரு கீறலும் படாமல் நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆனால் 1990 மார்ச்சில், கரையிலிருந்து மிதவையில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுசெல்லும் வேளையில், கரையைவிட்டுச் சிறிது தூரம்கூடப் போகாத நிலையில், மிதவை ஒருபுறம் சாய, புத்தர் சில மனித உயிர்களையும் தம்மோடு கொண்டு ஏரியின் அடியில் போய்ப் படுத்துவிட்டார். 1992 டிசம்பரில்தான் அவரை வெளியே எடுத்து நிறுத்த முடிந்தது.

"உங்க மாமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைப் பின்னால உட்காரவெச்சுக்கிட்டு இங்கதான் வருவார்" என்று அத்தை அன்று இரவு சொன்னார். "தண்ணியைத்தான் பார்ப்போம். உள்ளே சாமி படுத்திருக்குதுன்னு ஒரு நினைப்பு. 'தரையில வந்தவரைக்கும் ஒண்ணும் ஆகல, தரையை விட்டு மாறுற எடத்துலதான் ஆபத்து'ன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பார். பட்டறை ஆளு இல்லையா, வேற என்ன பேச்சு வரும்." என் புல்லட்டும் தரையை விட்டுவிட்டு, வண்டியையும் வந்து அடையாமல், ஆறடிப் பலகையின் நட்டநடுவில்தான் சாய்ந்தது.

சார்மினார்

பொழுது மிச்சமிருந்ததால் பழைய நகரத்துக்கும் போய்விட்டு வந்தேன். போகிற வழியில் கன் ஃபவுண்டரி என்று ஒரு பேட்டையின் பெயர். 'தோப் கா ஸாஞ்சா' என்பது அதன் பழைய பெயர். நிஜாமிடம் சேனாதிபதியாக இருந்த ரேமோன் என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீரங்கி வார்த்த இடம் அது. ராயல் என்ஃபீல்ட் கம்பெனி தன் வண்டிகளைத் துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டவை என்று அந்த நாளில் விளம்பரம் செய்துவந்தது நினைவுக்கு வர, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், பீரங்கியைப் போலச் செய்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

1591இல் எழுந்த சார்மினாரைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அதன் நிழலில் குடித்த இரானி டீயைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. நம் ஊரில் டீ என்பது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒரு கஜ தூரம் பாய்ந்து, நுரைத்து, சுறுசுறுப்போடு வருவது. இங்கோ இலைச் சாறு மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்காக முணுமுணுத்துக் கொண்டிருக்க, வேறொரு பாத்திரத்தில் பால் சுண்டிக் கட்டியாகிக் கொண்டிருக்க, இரண்டும் கோப்பையில் ஒன்றையொன்று சந்திக்கும்போது அவற்றுக்கு எவ்வித அவசரமும் இல்லை. கூடவே, கடைசி நிஜாம் உஸ்மான் அலிகானின் பெயரைத் தாங்கிய உஸ்மானியா பிஸ்கோத்து. இனிப்பிலே கடைசியில் ஒரு துளி உப்பு. பக்கத்து மேஜையில் யாரோ யாரையோ, "ஹல்லு, ஹல்லு" என்று அடக்கிக்கொண்டிருந்தார்கள். மெல்ல, மெல்ல என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அது. மறுநாள் காலையில் அதை நான் பலமுறை கேட்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

பிரியாணியையும் விடுவதற்கில்லை. பச்சை இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து, அதன்மேல் அரைவேக்காட்டு அரிசியைப் பரப்பி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்துத் தம்மில் போடும் ஹைதராபாத் முறைக்கும், சீரகச் சம்பாவும் எண்ணெய்க் கத்தரிக்காயுமாக வரும் எங்கள் ஆம்பூர் முறைக்கும் அத்தை வீட்டில் ஐம்பது வருஷமாக வழக்கு நடக்கிறதாம். மாமா ஆம்பூர்க் கட்சி. ஆற்காட்டு நவாபாக அன்வருதீனை நியமித்து அனுப்பியதே ஹைதராபாத்தின் முதல் நிஜாம்தான் என்பதையும், அந்த அன்வருதீன் 1749இல் ஆம்பூர்ப் போர்க்களத்தில் மாண்டார் என்பதையும் நான் எடுத்துச் சொல்லி, வழக்கைச் சமரசமாக முடிக்கப் பார்த்தேன். "சரித்திரம் எல்லாம் இருக்கட்டும், அரிசி குட்டையா இருந்தா அது பிரியாணியா?" என்று கேட்டுவிட்டார் அத்தை. அவர் எப்போது கட்சி மாறினார் என்று கேட்கத் துணியவில்லை.

மெட்டுகூடா

விடிவதற்குள் உஸ்தாத் வந்துவிட்டார். ஏற்றுவதற்கு முன் பெட்ரோல் குழாயை அடைக்கச் சொன்னார். அடைத்தபின் எஞ்சினை ஒரு தரம் ஓடவிட்டு, கார்ப்புரேட்டரில் மிஞ்சியிருக்கும் பெட்ரோலும் தீர்ந்து அது தானாகவே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வழியெல்லாம் கசிந்துகொண்டு வரும் என்றார். பையன் நான்கைந்து முறை உதைத்தும் வண்டி அசையவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அத்தை, "அப்படி இல்லை தம்பி. மொதல்ல மெதுவா அழுத்து, முள்ளு நடுவுல வரட்டும். இப்ப அந்தச் சின்ன லீவரைப் பிடி. இன்னும் கொஞ்சம் அழுத்து. விடு. இப்ப உதை" என்றார். ஒரே உதையில் கிளம்பிற்று. சந்து முழுவதும் அந்த ஒற்றைப் பிஸ்டனின் துடிப்பு நிரம்பிற்று. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும். துடிப்புக்கு நடுவே இடைவெளி விழுந்து, இருமல்போல் ஒன்று வந்து, அடங்கிவிட்டது. அத்தை உள்ளே போய், மாமாவின் பழைய வேட்டிகள் நான்கை மடித்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து மெட்டுகூடாவின் ஒரு சரிவுக்குப் போனோம். பெயரில் இருக்கும் 'மெட்டு' என் காதுக்கு நம் மேடாகவே கேட்டது. பாறையை வெட்டிச் சாலை போட்டிருந்த இடம் அது. சாலையின் ஒரு பக்கத்தில் பழைய தரை இரண்டடி உயரத்தில் அப்படியே நின்றது. பிக்கப்பைப் பின்புறமாக அந்தக் கரையை ஒட்டிக் கொண்டுவரச் சொல்லி, பின்சக்கரங்கள் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கும் வரை உஸ்தாத் விடவில்லை. இறங்கியதும் பார்த்தால், நேற்று மலையாக நின்ற பின்கதவுக்கும் கரைக்கும் இடையே ஒரு சாண் உயர வித்தியாசம்கூட இல்லை. சக்கரங்களின் இருபுறமும் கல் வைத்தார். கை பிரேக்குப் போட்டு, கியரிலும் நிறுத்தச் சொன்னார். பிறகு இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒன்று வண்டிக்கு, மற்றொன்று வண்டியோடு நடக்கும் மனிதனுக்கு. நேற்று எங்களுக்கு இல்லாமற்போனது இந்த இரண்டாவது பலகைதான். பலகைகளின் நுனியைக் கதவின் கொக்கிகளோடு கயிற்றால் கட்டி, காலால் உதைத்துப் பார்த்தார். சக்கரம் ஏறும்போது பலகை பின்னுக்கு உதறிக்கொண்டு போவதால்தான் பெரும்பாலும் விபத்து நேர்கிறது என்பது அவர் கட்சி.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் சாய்தளம் என்று ஒரு பாடம் இருந்தது. உயரம் அதேயிருக்க, பலகையின் நீளம் இரட்டித்தால் தள்ள வேண்டிய பலம் பாதியாகும் என்று அதில் படித்துப் பரீட்சையும் எழுதித் தேறியிருக்கிறேன். பலகையை நீட்டுவதற்குப் பதிலாக உயரத்தையே குறைத்துவிடலாம் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு நாளும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத மனிதர், முப்பது வருஷம் தம் முதுகெலும்பைக் கொடுத்து அதைத் தெரிந்துகொண்டிருந்தார்.

எஞ்சின் நின்றபடி, கியர் நியூட்ரலில். உஸ்தாத் இடப்புறம் நின்று இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டார்; பிரேக்கு அவர் விரலில். பையன் பின்னால், அவனும் நேர் பின்னே நிற்காமல், வண்டி பின்வாங்கினால் விலகிக்கொள்ளத் தோதாகச் சற்று ஒதுங்கியே நிற்க வேண்டும் என்று நிறுத்திவைத்தார். வலப்புறக் கரையோரம் நான். "நீ இழுக்க வேணாம், தள்ள வேணாம். உன் பக்கம் சாய விடாதே, அவ்வளவுதான்" என்றார். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகங்களில் அதுவே மிகத் தெளிவானது. "ஹல்லு, ஹல்லு" என்று மூச்சோடு சொல்லி, கடைசியில் ஒரு "ஹைஸ்ஸா!" போட்டார். பையன் வாயிலிருந்து தன்னையறியாமல் "ஐலசா!" என்று வந்தது. வண்டி வாசற்படி தாண்டும் பசுவைப்போல ஒரு தயக்கம் காட்டி, உள்ளே போய்விட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா ராத்திரி தூங்காமல் கிடந்தோம் என்று ஏமாற்றமாகவே இருந்தது.

கட்டுவதற்குத்தான் முக்கால் மணி நேரம் பிடித்தது. முன்சக்கரத்துக்கும் டிரைவர் அறையின் சுவருக்கும் நடுவே பழைய டயர் ஒன்றைச் செருகினார். ஸ்டாண்டு போடட்டுமா என்று பையன் கேட்டதற்கு, கயிற்றின் இறுக்கமும் சாலையின் குலுக்கலும் சேர்ந்தால் ஸ்டாண்டு வளையும், அல்லது தளத்தைத் துளைக்கும். வண்டி தன் இரண்டு சக்கரத்தில்தான் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். கைப்பிடி நுனியில் கட்டாமல், அதற்குக் கீழே, முன்கவைகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பில் பெல்ட்டைச் சுற்றி, இருபுறமும் முன்னோக்கிக் கீழே இழுத்து, முன்புற ஸ்பிரிங் பாதியளவு அமுங்கும் வரை இறுக்கினார். பாதிதான். முழுதும் அமுக்கினால் எண்ணெய்த் தடுப்பு பிய்ந்துவிடும்; அமுக்காமலே விட்டால் முதல் பள்ளத்திலேயே கொக்கி கழன்று துள்ளும். பின்புறத்துக்கு இரண்டு நைலான் கயிறு, பக்கவாட்டில் ஆடாமல். கயிறு உலோகத்தைத் தொடும் இடமெல்லாம் மாமாவின் வேட்டி. கியரை முதலில் போட்டுவிட்டு இறங்கியவர், வண்டியைப் பிடித்து ஆட்டினார். பிக்கப் ஆடிற்று, புல்லட் தனியாக ஆடவில்லை.

கூலியைக் கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, "முதல் சாய் குடிக்க நிறுத்துவீங்க இல்லையா, அங்கே இறங்கிக் கட்டுப் பாருங்க. கயிறு முதல் மணி நேரம் பொய் சொல்லும்" என்றார். இரண்டு பலகையையும் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் அவரே சரிவில் இறங்கிப் போனார்.

ஷாத்நகர்

ஷம்ஷாபாத்தைத் தாண்டியதும் மறுபடியும் பாறைகள். ஷாத்நகரில் டீக்கு நிறுத்தினோம். பையன் டிரைவர் இடத்திலிருந்து இறங்கி, டீக்கடைக்குப் போகாமல் நேரே பின்னால் ஏறினான். இடது பெல்ட்டு இரண்டு விரற்கடை தளர்ந்திருந்தது. சாலையின் குலுக்கலில் டயர் நசுங்கி இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் கர்நூல் வரை அப்படியே போயிருந்தால் அந்த இரண்டு விரல் நான்காகியிருக்கும். நேற்று ஒரே தம்மில் ஏற்றப் பார்த்தவன், பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக இறுக்கி, ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் டீயை அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிருஷ்ணைக்கு அப்பால்

பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா நதியைத் தாண்டினோம். பாலத்தின் நடுவில் பையன் வேகத்தைக் குறைத்து, கரையிலிருக்கும் ஆஞ்சநேயர் திசை பார்த்து ஒரு கை கும்பிட்டான். மறு கை ஸ்டியரிங்கில். கர்நூலில் துங்கபத்திரை. அதன் பிறகு நந்தியால், ஆள்ளகட்டா, கடப்பை என்று கரிசலும் சுண்ணாம்புக் கல்லுமான பூமி இருட்டில் கழிந்தது. நிறுத்திய இடத்திலெல்லாம் அவன் பின்னால் போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். நானும் கூடப் போனேன். அப்படிப் போனதில் பிரயோஜனம் ஒன்றும் இல்லை, வேட்டி நழுவியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

ராயச்சோட்டி மலைப்பாதையில் அவன் நெடுநேரம் பேசாமல் ஓட்டினான். சித்தூரைத் தாண்டிக் கிழக்கு வெளுத்து, சாலையோரப் பலகைகளில் தெலுங்குக்குப் பக்கத்தில் தமிழும் தென்படத் தொடங்கிய வேளையில், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்:

"சார், உங்க ஊர்ல மேடு எங்க இருக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபின் யோசித்தேன். எங்கள் ஊர் உள்ளங்கையைப் போலச் சமதரை. பஸ் நிற்கும் இடம், பள்ளிக்கூடத்து மைதானம், நெல் களம் எல்லாவற்றையும் மனத்தில் நடந்து பார்த்தேன். பாலாற்றங்கரையையும் விடவில்லை, அங்கே மணலில் சக்கரம் புதைந்துவிடும். பிறகு திடீரென்று, சிறு வயது முதல் நித்தியம் பார்த்தும் பார்க்காத ஒன்று கண்முன் வந்தது. தேர்த் தெரு முனையில், ஒருபுறம் படிக்கட்டும் மறுபுறம் செங்குத்தான முகப்புமாகக் கல்லால் கட்டிய மேடை. உற்சவ மூர்த்தியை அதன் படியேறிக் கொண்டுபோய், தேர்த்தட்டுக்குச் சமமான உயரத்திலிருந்து, தூக்காமலும் சாய்க்காமலும் தேருக்குள் நடத்திக்கொண்டு போவதற்காக என்றோ யாரோ யோசித்துக் கட்டியது.

"தேர்முட்டி இருக்குது தம்பி" என்றேன்.

அவன் சிறிது நேரம் அதை எண்ணிப் பார்த்தான். "எவ்வளவு ஒசரம் சார்?"

"தேர் பெரிசு. நம்ம வண்டிக்கு அது ரொம்ப ஒசரம். ஆனா படிக்கட்டுக்குப் பக்கத்துல, கீழே ஒரு திண்ணை மாதிரி வரும்."

"இடுப்பு வருமா?"

"இடுப்புக்குக் கொஞ்சம் கீழே."

"சாமிக்கு ஒண்ணும் கோவம் வராதில்ல?" என்று கேட்டுக்கொண்டே, ராணிப்பேட்டைக்குப் பிரியும் பாதையில் அவன் வண்டியைத் திருப்பினான்.